தேடல் முடிவுகளை நமக்கு ஏற்றபடி மாற்றி வைத்துக்கொள்வதில் பயன் உண்டா?

வளவு_கானாடுகாத்தான்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஐயா காலத்து வீட்டில் இரண்டாம் கட்டுச் சுவரில் பூச்சு பெயர்ந்து விழுகிறது. சிமெண்டை அப்பி மூட எனக்கு மனமில்லை. சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி சேர்த்துப் பழைய முறையில் பூச வேண்டும், அதற்கான அளவும் பக்குவமும் வேண்டும் என்று மூன்று வாரமாக இணையத்தில் தேடுகிறேன். முதல் பக்கம் முழுக்கப் பெயிண்ட் விற்பவர்கள்தான் வருகிறார்கள். அப்புறம் வெறும் படம் மட்டும் போட்ட தளங்கள். அதற்கும் கீழே, ஒரே கட்டுரையை நாலு இடத்தில் ஒட்டிய பக்கங்கள். ‘செட்டிநாடு’ என்ற சொல்லைச் சேர்த்தால் போதும், கோழிக் குழம்பு வந்து நிற்கிறது.

தம்பி மகன் பார்த்துவிட்டு, “வேண்டாத தளங்களை உங்கள் கணினியில் வராமலே செய்துவிடலாம் பெரியப்பா” என்றான். எனக்குத் தயக்கமாக இருக்கிறது, காரணம் பழைய அனுபவம். 2008 கடைசியில் கூகுள் ‘சர்ச்விக்கி’ என்று ஒன்று கொண்டுவந்தது நினைவிருக்கிறதா? ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் மேலே ஏற்ற ஓர் அம்புக்குறி, நீக்க ஒரு பெருக்கல் குறி. குறிப்புகூட எழுதி வைக்கலாம். நான் ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து ஏற்றினேன், இறக்கினேன். 2010 மார்ச்சில் அதை எடுத்துவிட்டு நட்சத்திரக் குறி வைத்தார்கள். பிறகு அந்த நட்சத்திரமும் போய்விட்டது.

அதனால் கேட்கிறேன். இந்த வேலைக்குச் செலவழிக்கும் நேரம் உண்மையில் திரும்பி வருகிறதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை_ரஸ்தா

வரும் அண்ணே. ஆனால் நீங்கள் அன்று செய்ததும் இன்று தம்பி மகன் சொல்வதும் ஒன்றல்ல.

சர்ச்விக்கியில் நீங்கள் செய்த மாற்றம் அந்த ஒரு தேடலுக்கு மட்டும்தான். அதே சொல்லை மறுபடி தேடினால்தான் உங்கள் வரிசை தெரியும். நாம் ஒரே சொல்லை எத்தனை முறை தேடுகிறோம்? ஒன்று கிடைத்துவிட்டால் புத்தகக்குறி போட்டு வைத்துக்கொள்வோம், இல்லையென்றால் சொல்லை மாற்றித் தேடுவோம். அதனால்தான் அந்த உழைப்பு வீணாயிற்று.

தளத்தையே தடுப்பது வேறு. ஒரு விற்பனைத் தளத்தை இன்று ஒரு முறை தடுத்தால், நாளைக்கு நீங்கள் தேக்குத் தூணைப் பற்றித் தேடும்போதும் அது வராது. நான் உலாவியில் சேர்த்துக்கொள்ளும் ‘யூபிளாக்லிஸ்ட்’ என்ற நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) வைத்திருக்கிறேன். காசு இல்லை. முடிவுக்குப் பக்கத்திலேயே தடுக்கும் வசதி இருக்கிறது. இதைப் போன்ற ஒன்றை 2011இல் கூகுளே தன் குரோம் உலாவிக்காக வெளியிட்டது.

ஒரு குறை சொல்லிவிடுகிறேன். அது தடுத்த தளத்தை மறைக்கும், அவ்வளவுதான். அந்த இடத்தில் வேறொன்றைக் கொண்டுவந்து வைக்காது. சில சமயம் பத்து முடிவில் ஆறு மறைந்து நாலுதான் தெரியும். அடுத்த பக்கத்துக்குப் போகும் பழக்கம் வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் குரோமில் நீட்சி போட முடியாது, ஃபயர்பாக்ஸில் போடலாம்.

ஆத்தங்குடிக்_கல்

நான் வேறு பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்கு ஆத்தங்குடியில் தரைக்கல் (டைல்ஸ்) போடும் பட்டறை. சிமெண்ட், ஊர் மணல், வண்ணப்பொடி, கண்ணாடித் தட்டு. சூளை கிடையாது, தண்ணீரில் ஊறி வெயிலில் காயும். அப்பாவுக்குப் பிறகு நான் பார்க்கிறேன். சொந்தமாக ஓர் இணையதளமும் வைத்தோம்.

தினமும் காலையில் கடையைத் திறந்ததும் ‘ஆத்தங்குடி டைல்ஸ்’ என்று தேடிப் பார்ப்பேன். எங்கள் தளம்தான் முதலில் வரும். அத்தனை சந்தோஷம். தளத்தை மேலே கொண்டுவந்து தருகிறேன் என்று ஒருவர் பணம் வாங்கியிருந்தார். அவரும் என் மடிக்கணினியிலேயே தேடிக் காட்டி, “பாருங்கள், முதலிடம்” என்றார். எட்டு மாதம் மாதாமாதம் பணம் கொடுத்தேன். ஆர்டர் ஒன்றுகூடக் கூடவில்லை.

மதுரையில் இருக்கும் என் தங்கை வீட்டுக்காரர் ஒருநாள் அவர் போனில் தேடினார். முதல் பக்கத்தில் நாங்கள் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. என் கணினியில் முதலில் வந்ததற்குக் காரணம், நான் தினமும் அதையே தேடி அதையே திறந்ததும், நான் ஆத்தங்குடியில் உட்கார்ந்திருந்ததும்தான். கடைக்கண்ணாடியில் என் முகத்தையே பார்த்து, ஆள் வந்திருக்கிறது என்று நினைத்த மாதிரி ஆகிவிட்டது.

ஆகவே சொந்தத் தொழில் வைத்திருப்பவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே தேடிப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கணக்கிலிருந்து வெளியே வந்து பாருங்கள், வெளியூரில் இருக்கும் ஓர் ஆளையும் தேடச் சொல்லுங்கள். இரண்டும் வேண்டும்.

சிக்ரி_ரோடு

ஆத்தங்குடித் தம்பி சொன்னதைக் கொஞ்சம் பிரித்துச் சொன்னால் எல்லோருக்கும் உதவும். இதில் மூன்று விஷயம் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது.

முதலாவது, நாமே கையால் செய்வது. தடுப்பது, மேலே ஏற்றுவது, நமக்குப் பிடித்த தளங்களைச் சொல்லி வைப்பது.

இரண்டாவது, நம் பழைய தேடல்களையும் சொடுக்குகளையும் வைத்து அந்த நிறுவனம் நமக்காகச் செய்வது. கூகுள் 2005இல் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இதைக் கொண்டுவந்தது. 2009 டிசம்பரில், கணக்கில் நுழையாதவர்களுக்கும் விரித்தது. உலாவியில் குக்கி என்ற சிறு பதிவுக் கோப்பை வைத்து, 180 நாள் வரையிலான தேடல்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. நம்மில் பலருக்கு அது நடந்ததே தெரியாது.

மூன்றாவது, இடமும் மொழியும். காரைக்குடியில் இருந்துகொண்டு ‘பேருந்து நேரம்’ என்று தேடுபவருக்கும் கோயம்புத்தூரில் தேடுபவருக்கும் வேறு வேறு வருவது இதனால்தான். கூகுள் இதைத் தனிப்பயனாக்கம் (ஆளுக்கேற்ப முடிவை மாற்றுவது) என்று கணக்கில் சேர்ப்பதில்லை. பழைய தேடல்களை வைத்து முடிவுகளை மாற்றுவது மிகக் குறைவு என்றே 2018இல் அவர்கள் சொன்னார்கள். பெரும்பாலான வித்தியாசம் இடத்தினால் வருகிறது.

வரலாறு சேராத இன்காக்னிட்டோ சன்னலில் தேடினால் சுத்தமான முடிவு வரும் என்று பலர் நம்புகிறார்கள். இரண்டாவதுதான் அங்கே குறையும். நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பது இணைய முகவரியை வைத்து அப்போதும் தெரியும். அதனால் தம்பி சொன்ன ‘வெளியூர் ஆள்’ சோதனைதான் சரி.

கூகுளில் முடிவுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டால், அது ஏன் வந்தது என்பதற்குச் சிறு விளக்கம் கிடைக்கும். உங்களுக்கென்று மாற்றப்பட்டிருந்தால் அதிலேயே தெரியும்.

பினாங்கு_வீடு

இடம் என்பது எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு பெரிய தலைவலி என்று சொல்கிறேன். மூன்று தலைமுறையாகப் பினாங்கில் இருக்கிறோம். பூர்வீகம் நேமம் கோயில். போன தையில் குடும்பத்தோடு வரத் திட்டமிட்டு ‘நேமம்’ என்று தேடினேன். எல்லாம் திருவனந்தபுரத்து நேமம் தொகுதித் தேர்தல் செய்தி. மாத்தூர் கோயிலுக்குப் போக வேண்டும் என்று மனைவி தேடினால், கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப் பாலம் வருகிறது. காரைக்குடியில் இருக்கும் என் அத்தை மகன் அதையே தேடினால் அவனுக்கு நேராக நம் கோயில் வருகிறது.

எங்களுக்கு ஊர் இங்கே, மனசு அங்கே. தேடல் பொறிக்கு எங்கள் மனசு தெரிய வழியில்லை. அதனால் என்னைப் பற்றி அது கூடுதலாகத் தெரிந்துகொண்டால் நல்லது என்றுதான் நான் நினைக்கிறேன். நான் எப்போதும் நம் நகரத்தாரின் ஒன்பது கோயில்களைப் பற்றித் தேடுகிறவன் என்று அதற்குத் தெரிந்திருந்தால் கேரளத் தேர்தலைக் காட்டியிருக்காது அல்லவா?

தேவகோட்டை_ரஸ்தா

பினாங்கு அண்ணே, அதற்கு உங்கள் வரலாறு முழுவதையும் கொடுக்க வேண்டியதில்லை. ‘நேமம் ஜெயங்கொண்ட சோழீஸ்வரர்’ என்று தேடுங்கள். ‘மாத்தூர் ஐநூற்றீஸ்வரர்’ என்று தேடுங்கள். கேரளம் வந்தால் சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டு ‘-கேரளா’ என்று சேருங்கள். வேலை முடிந்தது.

பினாங்கு_வீடு

இப்போதே பார்த்தேன். வந்துவிட்டது. நன்றி தம்பி. ஆனால் சாமி பெயர் தெரிந்த எனக்குச் சரி. என் பேரப்பிள்ளைகளுக்கு ஊர் பெயர் மட்டும்தான் தெரியும்.

பள்ளத்தூர்_ஆச்சி

நான் அதிகம் படிக்காதவள், தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு சந்தேகம். ஒரு போனை ஒருவர்தான் வைத்திருப்பார் என்ற நினைப்பிலேயே இதெல்லாம் செய்கிறார்களா?

எங்கள் வீட்டில் ஒரு போன்தான் நடுவீட்டில் கிடக்கும். நான் கும்மாயத்துக்கும் கந்தரப்பத்துக்கும் பக்குவம் பார்ப்பேன், ஊறுகாய் யாவாரத்துக்குப் பாட்டில் விலை பார்ப்பேன். பேரன் கிரிக்கெட் பார்ப்பான். போன வருஷம் எங்கள் வீட்டு ஐயாவுக்கு உடம்புக்கு ஒரு பெரிய வியாதி என்று டாக்டர் சொன்னார். அவருக்குத் தெரிய வேண்டாம் என்று நாங்கள் ஒளித்து வைத்திருந்தோம். மருமகள் அந்த வியாதியைப் பற்றி ராத்திரியில் தேடியிருக்கிறாள். மறுநாள் காலையில் அவர் பஞ்சாங்கம் பார்க்கப் போனை எடுத்து ஓர் எழுத்துத் தட்டியதும், அந்த வியாதியின் பெயர் கீழே வந்து நின்றது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. முகப்புத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

எங்களைத் தெரிந்துகொண்டு உதவுகிறது என்கிறீர்களே, யாரைத் தெரிந்துகொள்கிறது? ஆறு பேரையும் சேர்த்து ஓர் ஆளாக அல்லவா பிசைந்து வைத்திருக்கிறது.

சிக்ரி_ரோடு

ஆச்சி, நீங்கள் கேட்டதுதான் இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி. ஆமாம், கணக்கு ஒன்று என்றால் ஆள் ஒன்று என்றே எடுத்துக்கொள்கிறது. பொதுப்போன் இருக்கும் வீட்டில் அந்த நினைப்பு செல்லாது.

உடனே செய்யக்கூடியதைச் சொல்கிறேன். கூகுள் கணக்கில் நம் தேடல்கள் சேரும் ‘வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி’ என்ற இடம் இருக்கிறது. அதை நிறுத்தி வைக்கலாம். நிறுத்த வேண்டாம் என்றால் 3 மாதம், 18 மாதம், 36 மாதம் என்று தானே அழியும்படி வைக்கலாம். பொதுப்போனுக்கு நிறுத்துவதே நல்லது, ஏற்கெனவே சேர்ந்ததையும் அங்கேயே அழித்துவிடுங்கள். உலாவியில் சேர்ந்திருக்கும் வரலாறு தனி, அதையும் அழிக்க வேண்டும். உடம்பு சம்பந்தமாகத் தேடும்போது மட்டும் இன்காக்னிட்டோவைத் திறக்கச் சொல்லுங்கள், அந்தப் போனில் தடம் இராது. டக்டக்கோ என்று ஒரு தேடல் தளம் 2008இலிருந்து இருக்கிறது, அது தேடியவர் யார் என்று சேர்த்து வைப்பதே இல்லை. அதையும் வைத்துக்கொள்ளலாம்.

ஐயா இப்போது எப்படி இருக்கிறார்?

பள்ளத்தூர்_ஆச்சி

சிகிச்சை நடக்கிறது தம்பி. பிள்ளையார்பட்டி பிள்ளையார் புண்ணியத்தில் நடமாடுகிறார். பேரனை வைத்து நீங்கள் சொன்னதைச் செய்துவிட்டேன்.

புதுவயல்_மில்

ஆச்சிக்கு நடந்ததைப் படித்து மனசு கனத்துப் போனது. நான் எதிர்ப்பக்கம் பேச வந்தேன், பேசிவிடுகிறேன்.

தளத்தைத் தடுப்பது நல்லது என்று ரஸ்தா அண்ணன் சொல்கிறார். பெயிண்ட் கடைக்குச் சரி. செய்திக்கும் அதையே செய்தால்? நான் செய்தேன். எனக்குப் பிடிக்காத இரண்டு செய்தித் தளங்களைத் தடுத்து வைத்தேன். ஆறு மாதம் நிம்மதி. அப்புறம் நெல் கொள்முதல் பற்றி மில்லில் ஒரு பேச்சு வந்தது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு செய்தி எனக்கு மட்டும் தெரியவில்லை. நான் தடுத்து வைத்த தளத்தில்தான் அது விரிவாக வந்திருந்தது.

2011இல் ஈலை பாரிசர் (Eli Pariser) என்ற அமெரிக்கர் ‘வடிகட்டிக் குமிழி’ என்ற கருத்தைச் சொன்னார். நமக்குப் பிடித்ததையே நமக்குக் காட்டிக்கொண்டிருந்தால் மற்றது இருப்பதே தெரியாமல் போகும் என்பதுதான் அது. அவர் பேசியது நிறுவனங்கள் நமக்குத் தெரியாமல் செய்வதைப் பற்றி. நான் எனக்கு நானே அந்தக் குமிழியைக் கட்டிக்கொண்டேன். இது அதைவிட மோசம் என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் குற்றம் சொல்ல வேறு ஆளே இல்லை.

2025 ஆகஸ்டில் இந்தியாவிலும் அமெரிக்காவிலும் ‘விருப்பமான செய்தித் தளங்கள்’ என்று கூகுள் கொண்டுவந்ததே, அதைப் பரவாயில்லை என்பேன். நீங்கள் தேர்ந்தெடுத்த தளம் முக்கியச் செய்திகளில் கூடுதலாகத் தெரியும், மற்றவையும் இருக்கும். ஏற்றுவது சரி. அழிப்பதில்தான் எனக்குப் பயம்.

தேவகோட்டை_ரஸ்தா

சரி, ஒப்புக்கொள்கிறேன். நான் தடுத்து வைத்திருக்கும் பட்டியலை இப்போது திறந்து பார்த்தேன். எல்லாம் கடைகளும் படத் தளங்களும்தான், செய்தி ஒன்றும் இல்லை. ஆனால் அது என் நல்ல புத்தி இல்லை, எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஏற்றவும் இறக்கவும் தடுக்கவும் தனித்தனியாக வசதி உள்ள ‘காகி’ என்ற தேடல் தளம் இருக்கிறது, மாதச் சந்தா கட்ட வேண்டும். அதில் இறக்கி வைத்தால் போதும், முழுக்க மறையாது.

கோட்டையூர்_நூலகம்

நான் முப்பது வருஷம் நூலகத்தில் இருந்தவன். எல்லோரும் விடையை அடுக்குவதைப் பற்றியே பேசுகிறீர்கள். கேள்வியைப் பற்றிப் பேச வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் ஊரில் ரோஜா முத்தையா இருந்தார். அவர் வீட்டில் சேர்த்த புத்தகங்களும் துண்டுப் பிரசுரங்களும் அழைப்பிதழ்களும்தான், 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் உதவியோடு சென்னைக்குப் போய், 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக ஆயின. ஆராய்ச்சி செய்கிறவர்கள் கோட்டையூருக்கு அவரைத் தேடி வந்தார்கள். அத்தனை குவியலுக்குள் வேண்டியதை எடுத்துக் கொடுக்க வேண்டுமென்றால், வந்தவர் எதற்காகக் கேட்கிறார் என்பது தெரிந்தாக வேண்டும். நூலக வேலையில் நான் கற்றதும் இது ஒன்றுதான். “சுண்ணாம்பு பற்றிப் புத்தகம் இருக்கிறதா” என்று ஒருவர் வந்தால், வெற்றிலைக்கா, வயலுக்கா, சுவருக்கா என்று திருப்பிக் கேட்பேன். போன மாதம் அவர் எதை எடுத்தார் என்று பதிவேட்டைப் புரட்ட மாட்டேன்.

பழைய தேடல்களை வைத்து ஊகிப்பது பதிவேட்டைப் புரட்டுகிற வேலை. பாதி நேரம் சரியாக இருக்கும், மீதி நேரம் வழியை மறைக்கும்.

வளவு அண்ணனுக்கு என் யோசனை இதுதான். ‘செட்டிநாடு’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள். அது விற்கிறவர்களின் சொல்லாகிவிட்டது. கொத்தனார் என்ன சொல்லைப் பயன்படுத்துவார்? ‘சுண்ணாம்புச் சாந்து’, ‘கடுக்காய்த் தண்ணீர்’, ‘முட்டைப் பூச்சு’. அவற்றை இரட்டை மேற்கோளுக்குள் போட்டுத் தேடுங்கள். ஆத்தங்குடியைக்கூட ‘ஆத்தங்குடி’, ‘ஆத்தன்குடி’ என்று இரண்டு விதமாக எழுதுகிறார்கள். இரண்டையும் தேட வேண்டும்.

அப்புறம், தடுப்பதற்குப் பதிலாகத் தேர்ந்தெடுக்கலாம். 2006இலிருந்தே கூகுளில் நாமே ஒரு தேடல் பொறி அமைக்கும் வசதி இருக்கிறது. நாம் கொடுக்கும் தளங்களுக்குள் மட்டும் தேடும். நான் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், பழைய நூல்களைச் சேர்த்து வைக்கும் ஆர்க்கைவ் தளம், யுனெஸ்கோ தளம் இவற்றோடு இன்னும் சிலவற்றைச் சேர்த்து ஒன்று வைத்திருக்கிறேன். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன, அதற்கான பக்கமே என் கண்ணில் முதலில் இப்படித்தான் பட்டது.

ஆத்தங்குடிக்_கல்

நூலகத்து ஐயா, ‘விற்கிறவர்களின் சொல்’ என்று சொன்னீர்களே, அந்தச் சொல்லை வைத்துத்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. கோபமாகச் சொல்லவில்லை. எங்கள் தளத்தையும் யாரோ ஒருவர் தடுத்து வைத்திருப்பார் என்று இப்போதுதான் புரிகிறது. கல் எப்படிப் போடுகிறோம், எண்ணெய் போட்டு எப்படித் துடைப்பது என்று தமிழில் எழுதி வைத்தால் விற்பனைப் பக்கம் என்று ஒதுக்காமல் படிப்பார்களா?

கோட்டையூர்_நூலகம்

கட்டாயம் படிப்பார்கள். எழுதுங்கள். என் பட்டியலில் முதலில் சேர்க்கிறேன்.

வளவு_கானாடுகாத்தான்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோரும் சொன்னதைச் செய்து பார்த்தேன், கணக்குச் சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது.

முதலில் பதினான்கு தளங்களைத் தடுத்தேன். அதில் இரண்டைத் திரும்ப விடுவித்தேன். ஒன்று பழைய சாமான் விற்கும் தளம், ஆனால் அதற்குள் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது சுவர் எத்தனை அடுக்காகப் பூசப்பட்டிருந்தது என்று படத்தோடு ஒரு நல்ல பக்கம் இருந்தது. புதுவயல் தம்பி பயந்தது சரிதான், தடுத்ததை மாதம் ஒரு முறையாவது திறந்து பார்க்க வேண்டும்.

தேடல் வரலாற்றை ஒரு வாரம் ஓடவிட்டும் ஒரு வாரம் நிறுத்தியும் பார்த்தேன். சுவர்ப் பூச்சு விஷயத்தில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அதனால் ஆச்சி வீட்டில் நடந்ததை நினைத்து, நிறுத்தியே வைத்துவிட்டேன். எனக்கு ஒன்றும் குறையவில்லை.

உண்மையில் கைகொடுத்தது நூலகத்து ஐயா சொன்ன சொற்களும் அவருடைய பட்டியலும்தான். ‘சுண்ணாம்புச் சாந்து’ என்று அந்தப் பட்டியலுக்குள் தேடியதில் மதராஸ் காலத்துக் கட்டடக் கையேடு ஒன்று கிடைத்தது. சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறவைப்பது, எப்படி அரைப்பது என்று எழுதியிருக்கிறது. ஆனால் கடுக்காய் பற்றி அதில் ஒரு வரிதான்.

பள்ளத்தூர் ஆச்சி, உங்கள் வீட்டு ஐயா கட்டட வேலை பார்த்தவர் என்று வேறோர் இழையில் எழுதியிருந்தீர்கள். அவரால் பேச முடியும் என்றால் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். ஒரு மூட்டைச் சுண்ணாம்புக்குக் கடுக்காய் எவ்வளவு, எத்தனை நாள் ஊற வேண்டும்? கொத்தனார் வெள்ளிக்கிழமை வருகிறார்.

பள்ளத்தூர்_ஆச்சி

கேட்டேன். கடுக்காயைக் கொட்டை நீக்கி இடிக்காமல் ஊறப்போட்டால் கோபம் வரும் அவருக்கு. அளவைப் போனில் சொல்ல மாட்டாராம், சுண்ணாம்பைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமை காலையில் வண்டி அனுப்புங்கள், நானும் கூட வருகிறேன்.